பெட்டிக்கு வரி இல்லை

போன மாதம் ஒரு நாள் முற்பகலில், என் பழைய நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் இளநிலை உதவியாளர் பெண் எனக்குப் போன் செய்தார்.

"சார், ஒரு சந்தேகம். இங்கன ஒருத்தர் வந்து நிக்கிறாக. வேன் சக்கரத்தைக் கழட்டிக் கல்லு மேல ஏத்தி வச்சுட்டாகளாம். அதனால வரி கட்ட வேண்டியதில்லைங்கிறாக. அப்படி ஏதும் விதி இருக்கா சார்?"

"யாரு சொன்னாகளாம்?"

அவர் போனைக் கையால் மூடிக்கொண்டு கேட்பது காதில் விழுந்தது. "அவுக மாமாகிட்ட இந்த ஆபீஸ்லயே ஒரு சார் சொன்னாராம் சார். ரொம்ப வருஷம் முன்னாடி."

அந்த ஒரு சார் நான்தான். இதை அந்தப் பெண்ணிடம் போனில் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால், பேரன் பேத்திகள் தவிர வேறு யாரும் படிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில், நமது ஓய்வூதியர் மலரில் எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்தது கம்பம் பள்ளத்தாக்கில் இருந்த ஒரு வாகனப் பதிவு அலுவலகம். ஊர்ப்பெயர் வேண்டாம், பெயர் எழுதினால் அங்கிருந்த பாதிப் பேர் சண்டைக்கு வருவார்கள், மீதிப் பேர் கட்டிய வரியை வட்டியோடு திருப்பிக் கேட்பார்கள். ஆண்டிபட்டியில் இருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். பயிற்சிக் காலம் என்று ஒன்று இருந்தது. அதில் நான் கற்றது கோப்பு நாடாவில் முடிச்சுப் போடுவதும், அலுவலர் வந்தால் டீ டம்ளரை ரெக்கார்டு ரேக்குக்குப் பின்னால் மறைப்பதும். அதன் பிறகு வரிப் பிரிவில் உட்கார வைத்தார்கள். ஓய்வு பெறும் வரை கிட்டத்தட்ட அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எழுப்பிவிட யாருக்கும் தோன்றவில்லை.

வேன் வைத்திருப்பவர்களுக்கும் வாங்கப் போகிறவர்களுக்கும் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சொந்த உபயோகத்துக்கு வாங்கினால், பதிவு செய்யும்போதே ஆயுளுக்கும் சேர்த்து ஒரே வரி. சம்பாதிக்க வாங்கினால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரி; ஆள் ஏற்றுகிற வண்டிக்கு இருக்கையைப் பார்த்து, சரக்கு ஏற்றுகிற வண்டிக்கு எடையைப் பார்த்து. இது என் காலத்து முறை. இப்போது சில வண்டிகளுக்கு மாறியிருக்கிறது, விசாரித்துக்கொள்ளுங்கள். ஆனால் அடிப்படை மாறவில்லை. வண்டி ஓடுகிறதா, நிற்கிறதா என்று வரி கேட்பதில்லை. நிறுத்தப் போகிறீர்கள் என்றால், அடுத்த மூன்று மாதம் பிறப்பதற்கு முன்பே எழுத்தில் கொடுக்க வேண்டும். ஆர்.சி. புத்தகத்தை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். வண்டி எங்கே நிற்கிறது என்று விலாசம் எழுத வேண்டும். அங்கிருந்து நகர்த்தக் கூடாது. அலுவலக மொழியில் இதற்கு 'ஸ்டாப்பேஜ்' என்று பெயர். இதைக் கொடுக்காவிட்டால், வண்டி புதருக்குள் புதைந்து கிடந்தாலும் வரி ஏறிக்கொண்டே போகும். அதற்கு மேல் அபராதம்.

சரி, இந்த விதியை யார் யாரிடம் சொன்னார்கள்? கேளுங்கள், எனக்கு இன்றைக்கும் கோபம் வரும் இடம் இதுதான். வரி எவ்வளவு என்று வாசலில் பெரிய பலகை இருந்தது. எந்த ஜன்னலில் கட்டுவது என்று அம்புக்குறி இருந்தது. வெற்றிலை எச்சில் துப்பாதே என்று இரண்டு இடத்தில் இருந்தது. வரி கட்டாமல் இருக்க ஒரு நேர்மையான வழி இருக்கிறது என்பதை மட்டும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அந்தப் படிவம் என் பீரோவின் கீழ்த்தட்டில், எலி கடித்த கட்டாக இருந்தது. கேட்டவர்களுக்குக் கொடுத்தோம். அப்படி ஒன்று இருப்பதே தெரியாதவன் எப்படிக் கேட்பான்?

அப்படித் தெரியாமலே வந்து கேட்ட ஒரு மனிதரையும் நான் திருப்பி அனுப்பினேன்.

அவர் பெயர் சென்றாயன். கம்பத்துக்குப் பக்கத்தில் திராட்சைத் தோட்டம். திராட்சை ஏற்ற ஒரு சின்னச் சரக்கு வேன் வைத்திருந்தார். ஒரு வருடம் கொடியில் நோய் விழுந்து காய்ப்பு போய்விட்டது. டிரைவர் கேரள எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றும் ஜீப்புக்குப் போய்விட்டான். வேன் சும்மா நின்றது. எங்கள் பக்கத்தில் நிற்கிற வண்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. டயர் வெடிக்கும், திருடு போகும் என்று நான்கு சக்கரத்தையும் கழற்றி வீட்டுப் பரணில் போட்டுவிட்டு, வண்டியைக் கல் மேல் ஏற்றி வைத்துவிடுவார்கள். சென்றாயனும் அப்படியே செய்தார். ஆனால் மற்றவர்கள் செய்யாத ஒன்றையும் செய்தார். நேராக என் ஜன்னலுக்கு வந்தார்.

"ஐயா, வண்டியை நிப்பாட்டிட்டேன். ஆபீஸ்ல ஏதும் எழுதிக் குடுக்கணுமா?"

வரிசையில் பத்துப் பேர் நின்றார்கள். எனக்கு எப்போதும் ஒரு வியாதி: நான்கு பேர் கூடினால் அவர்களைச் சிரிக்க வைத்தாக வேண்டும்.

"நிப்பாட்டினா போதுமா? ராத்திரி நீங்க தூங்கினப்புறம் அதுவா எந்திரிச்சு ஓடிட்டா?"

"சக்கரத்தைக் கழட்டிட்டேங்கய்யா."

"அப்ப அது வண்டியே இல்லண்ணே, பெட்டி. பெட்டிக்கெல்லாம் கவர்மெண்டு வரி போடுறதில்ல. கோழியை அடைச்சு வைங்க."

வரிசை மொத்தமும் சிரித்தது. சென்றாயனும் சிரித்தார். கும்பிட்டுவிட்டுப் போனார். பீரோவைத் திறக்கக் குனிய வேண்டும். இடுப்பு வலி. குனியவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

நான் அதை அன்றைக்கே மறந்துவிட்டேன். பள்ளத்தாக்கு மறக்கவில்லை. அலுவலகத்தில் சொன்ன பேச்சு என்றால் அதற்கு ஒரு மரியாதை. 'பெட்டிக்கு வரி இல்லை' என்ற சட்டம் கம்பத்தில் இருந்து வருசநாடு வரைக்கும் பரவியிருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

ஏறக்குறைய மூன்று வருடம் கழித்து, ஒரு ஆடி மாதம். காற்று ஜன்னல் கதவைப் போட்டு அடித்துக்கொண்டிருந்த நேரம். ஒச்சம்மாள் என்று ஒரு பெண்மணி, நாற்பது வயதிருக்கும், பெயர் மாற்றத்துக்கும் தகுதிச் சான்றுக்கும் ஒரு வேனைக் கொண்டுவந்தார். வாழை இலை வியாபாரம். தோட்டம் தோட்டமாக இலை அறுத்து, கட்டுக் கட்டி, தேனிப் பக்கத்துச் சமையல்காரர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவர். வாடகை வேன்காரர்கள் நேரத்துக்கு வருவதில்லை. இலையோ ஒரு நாளுக்கு மேல் காத்திருக்காது. அதனால் கறவை மாட்டை விற்று, மகளிர் குழுவில் கடன் வாங்கி, சொந்தமாக வேன் வாங்கிவிட்டார். வாங்கியது சென்றாயனிடம். கல்லில் இருந்து இறக்கி, சக்கரம் மாட்டி, புது பெயிண்ட் அடித்து, மஞ்சள் குங்குமம் வைத்து ஓட்டி வந்திருந்தார். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு மூன்று கல்யாண இலை ஒப்புக்கொண்டிருந்தார். அதில் சொதப்பினால் சமையல்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துவிடுவார்கள். அதோடு அவர் வியாபாரம் முடிந்தது.

நான் பதிவேட்டைப் புரட்டினேன். வரிக் கட்டம் வரிசையாகக் காலி. ஸ்டாப்பேஜ் கட்டமும் காலி.

"ஆத்தா, இந்த வண்டிக்கு மூணு வருஷம் வரி பாக்கி. அபராதத்தோட கட்டணும். கட்டாம பேர் மாத்த முடியாது. வண்டியையும் இப்ப வெளிய விட முடியாது."

"நான் வாங்கி இருபது நாள்தான்யா ஆச்சு. மூணு வருஷத்துக்கு நான் ஏன் கட்டணும்?"

"வண்டி யாருகிட்ட இருக்கோ அவுக கட்டணும். பாக்கி வண்டியோடயே வரும்."

"வாங்கும்போது புரோக்கரு எல்லாம் கிளியருன்னு சொன்னான்."

புரோக்கர்கள் சொல்லும் 'எல்லாம் கிளியர்' பற்றித் தனியாக ஒரு மலரே போடலாம். பழைய வேன் வாங்குகிறவர்கள் டயரைத் தட்டிப் பார்க்கிறார்கள், இன்ஜினை உறுமவிட்டுப் பார்க்கிறார்கள், புகை என்ன நிறம் என்று பார்க்கிறார்கள். வரி எது வரைக்கும் கட்டியிருக்கிறது என்று ஒருவரும் பார்ப்பதில்லை.

ஒச்சம்மாள் கத்தவில்லை. வெளியே போனார். மதியத்துக்குள் சென்றாயனைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"ஏய்யா, ஆபீஸ்ல சொல்லித்தான் நிப்பாட்டுனேன்னு சொன்னீகள்ல? யாருகிட்ட சொன்னீக? காட்டுங்க!"

சென்றாயன் ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டி என்னைக் காட்டினார். "இந்தா, இந்த ஐயாதான் சொன்னாக. பெட்டிக்கு வரி இல்லன்னாக. கோழியை அடைச்சு வைக்கச் சொன்னாக. அடைச்சும் வச்சேன்."

வரிசையில் பின்னால் இருந்து ஒருவர், "அட ஆமா, எங்க மச்சானுக்கும் இப்படித்தான் இங்கன சொன்னாகளாம்" என்றார். இன்னொருவர் சிரித்தார். முதல் தடவையாக, என் ஜோக்குக்கு யாரோ சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை.

ஒச்சம்மாள் என்னையே பார்த்தார். "சொன்னீகளா?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? "நான் அப்படியெல்லாம் சொல்லியிருக்க மாட்டேம்மா" என்றேன். அரசு ஊழியரின் வாயில் இருந்து தானாக வருகிற வாக்கியம் அது. குனிந்து பீரோவில் இருந்து எதையோ தேடுவது போலவும் பாசாங்கு செய்தேன். அன்றைக்கு மட்டும் இடுப்பு நன்றாகக் குனிந்தது.

கண்ணெதிரே இருந்தது அந்தப் படிவக் கட்டு.

எங்கள் அலுவலரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எந்தத் தாளையும் இரண்டு முறை படிப்பார். முதல் முறை பேனாவைத் தொட மாட்டார். இரண்டாவது முறை பேனா மூடியைக் கழற்றி, மேசையின் வலது மூலையில், விளிம்புக்கு ஒட்டினாற்போல் நிறுத்தி வைப்பார். பிறகு ஸ்டீல் டம்ளரில் வெந்நீர் ஒரு வாய். பிறகு ஒரே ஒரு கேள்வி: "விதி எங்க இருக்கு?" யார் வந்து என்ன கேட்டாலும் இதுதான். ஒரு பைசா வாங்க மாட்டார். அடுத்தவர் காசில் டீ கூடக் குடிக்க மாட்டார். லஞ்சம் வாங்குகிறவரிடமாவது பேசிப் பார்க்கலாம். நேர்மையான மனிதரிடம் என்ன பேசுவது?

மறுநாள் காலை ஒச்சம்மாளும் சென்றாயனும் அவர் முன்னால் நின்றார்கள். கோப்போடு நானும் நின்றேன்.

"இந்த வண்டி மூணு வருஷமா கல்லு மேல நின்னுச்சு சாமி," என்றார் ஒச்சம்மாள். "இன்சூரன்ஸ் கட்டல. எப்சி வாங்கல. ஸ்டீயரிங்குல பீர்க்கங்கொடி சுத்திக் கெடந்துச்சு, நான்தேன் அறுத்துவிட்டேன். ஓடாத வண்டிக்கு எதுக்கு வரி?"

"ஓடலைன்னு நானும் நம்பறேம்மா. நம்பறதுக்கு விதி இல்ல. முன்கூட்டி எழுதிக் குடுத்திருக்கணும். குடுக்கல."

பீர்க்கங்கொடிக்குத் தெரிந்திருக்கிறது. உள்ளே முட்டையிட்ட கோழிக்குத் தெரிந்திருக்கிறது. ஊருக்கே தெரிந்திருக்கிறது. அரசாங்கத்துக்கு மட்டும் தெரியாது. ஏனென்றால் அரசாங்கத்துக்குச் சொல்லும் காகிதத்தை அரசாங்கமே பீரோவில் பூட்டி வைத்திருக்கிறது. பூட்டிய ஆளே பக்கத்தில் நின்று கோப்பைப் புரட்டிக் காட்டிக்கொண்டிருக்கிறான். அந்த நிமிடம் எனக்கு வந்த கோபத்தில் பாதி விதியின் மேல், பாதி என் மேல். எது எந்தப் பாதி என்று இப்போதும் பிரிக்க முடியவில்லை.

"ஐயா, இவரு எழுதிக் குடுக்கத்தான் வந்தாரு," என்றேன். "நான்தான் திருப்பி அனுப்பிட்டேன்."

அலுவலர் நிமிர்ந்தார்.

"என்ன சொல்லி அனுப்பினீங்க?"

"ஜோக்குங்கய்யா."

"என்ன ஜோக்கு?"

என் வாழ்க்கையில் எத்தனையோ ஜோக்குகள் சொல்லியிருக்கிறேன். ஒரு ஜோக்கை அதிகாரி முன்னால் விறைப்பாக நின்று, கோழி வரைக்கும், ஒப்புதல் வாக்குமூலமாகச் சொன்னது அது ஒன்றுதான். ஒருவரும் சிரிக்கவில்லை. அலுவலர் வெந்நீர் ஒரு வாய் குடித்தார்.

"எழுத்துல குடுப்பீங்களா?"

"குடுக்கிறேன்."

"குடுத்தா உங்க மேல மெமோ வரும். தெரியுமில்ல?"

"தெரியும்ங்கய்யா."

"இதுக்கு விதி எங்க இருக்கு?"

"விதி இல்லீங்கய்யா. தப்பு இருக்கு."

எழுதிக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். பேனா மூடி மூலைக்குப் போனது. "கீழ தேதி போடலையே," என்றார். போட்டேன். அதற்குக் கீழே தன் பச்சை மையில் ஒரு வாக்கியம் சேர்த்தார்: 'மேற்படி கூற்று உண்மையென நம்ப இடமிருக்கிறது.' நம்புவதற்கு விதி இல்லை என்று ஐந்து நிமிடத்துக்கு முன்னால் சொன்ன மனிதர். அவரை நான் அதுவரை சரியாகப் படிக்கவில்லை. நானும் இரண்டு முறை படித்திருக்க வேண்டும்.

மறுநாள் பிரேக் இன்ஸ்பெக்டரைச் சென்றாயன் தோட்டத்துக்கு அனுப்பினார். வண்டி ஆய்வாளருக்கு மக்கள் வைத்த பெயர் அது. நானும் கூடப் போனேன். அவர் எழுதிய அறிக்கை என் சர்வீஸில் நான் பார்த்த மிக அழகான அறிக்கை: 'நான்கு கற்கள் மண்ணில் நன்கு பதிந்துள்ளன. கற்களுக்கு நடுவே புல் முளைக்கவில்லை. நெடுநாள் நிழல் இருந்ததற்கான அடையாளம். அறுக்கப்பட்ட பீர்க்கங்கொடியின் தூர் காணப்படுகிறது.' அக்கம்பக்கத்தார் மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். எல்லாம் மேலிடத்துக்குப் போனது. அலுவலரே இரண்டு தடவை போன் போட்டு நினைவூட்டினார் என்று பின்னால்தான் தெரிந்தது.

பதில் ஆவணி பிறப்பதற்கு நான்கு நாள் முன்னால் வந்தது. அபராதம் தள்ளுபடி. வரி தள்ளுபடி இல்லை. முன்கூட்டிய அறிவிப்பு இல்லாததால் வரி வரிதான். பாதி நியாயம். அந்தப் பாதிக்கே ஒரு பெண் மாட்டை விற்று, ஒரு மனிதர் கோழியை அடைத்து, ஒரு குமாஸ்தா தன் மேலேயே புகார் எழுதிக்கொண்டு, ஒரு இன்ஸ்பெக்டர் புல் முளைக்காத இடத்தைப் பார்த்துக் குறிப்பெழுத வேண்டியிருந்தது. மீதிப் பாதிக்கு என்ன செய்திருக்க வேண்டுமோ, எனக்குத் தெரியவில்லை.

வரியைச் சென்றாயன் கட்டினார். "என் வண்டியா நின்ன காலத்துக்கு நாந்தேன கட்டணும்," என்றார் ஒச்சம்மாளிடம். எனக்கு மெமோ வந்தது. ஒரு வருடம் இன்கிரிமென்ட் நின்றது. வீட்டில் என் மனைவி, "ஜோக்கு சொல்லிச் சம்பளத்தைக் குறைச்சுக்கிட்ட மனுஷனை இப்பத்தான் பாக்குறேன்" என்றாள்.

வண்டியை எடுக்க வந்த அன்று ஒச்சம்மாளிடம் தனியாகச் சொன்னேன். "ஆத்தா, தப்பு என் மேல. சென்றாயன் கட்டினதுல ஒரு பங்கு நான் தர்றேன்."

"அத அவுககிட்ட பேசிக்கங்க. எனக்கு ஒங்க காசு எதுக்கு?" என்றார். கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணு செய்யுங்க. இந்த விதிய வெளிய போர்டுல எழுதிப் போடுங்க. எனக்கு வந்தது இன்னொருத்திக்கு வரக் கூடாது."

நியாயமாகப் பட்டது. அலுவலரிடம் கேட்டேன். வெந்நீர். "வரி விகிதப் பலகைக்கு ஒதுக்கீடு இருக்கு. வரி நிறுத்தப் பலகைக்கு விதி எங்க இருக்கு?" என் கைக்காசில் எழுதுகிறேன் என்றேன். அரசுக் கட்டடத்தில் தனியார் பலகை வைக்கக் கூடாது என்பதற்கு மட்டும் விதி இருந்தது. பக்க எண்ணோடு காட்டினார்.

ஒச்சம்மாளிடம் வந்து சொன்னேன். அவர் ஒரு நிமிடம் தன் வேனையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. புது பெயிண்ட்.

"பெயிண்டருக்குக் காசு குடுப்பீகளா?"

கொடுத்தேன். விதியை நான்தான் எழுதிக் கொடுத்தேன், ஒரு முழுப் பக்கம். பெயிண்டர் அதைப் படித்துவிட்டு, "சார், இதுக்கு லாரி வேணும்" என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஒச்சம்மாள் சொன்னதை அப்படியே எழுதினார்.

இவ்வளவும் நடந்து பல வருடம் ஆகிவிட்டது. இப்போது எல்லாம் கணினியில் வந்துவிட்டது. வரியைப் போனிலேயே கட்டலாம், பாக்கி இருக்கிறதா என்று வண்டி எண்ணை அடித்துப் பார்க்கலாம் என்கிறார்கள். நல்லது. ஆனால் சக்கரத்தைக் கழற்றிவிட்டு நிற்கிற மனிதரிடம் போய், உனக்கு ஒரு வழி இருக்கிறது என்று எந்தக் கணினி சொன்னது? கேட்டால்தான் அதுவும் சொல்கிறது. பீரோவும் கேட்டால்தான் திறந்தது. போன மாதம் அந்தப் பெண்ணிடம் நான் சொன்னது இதுதான்: "விதி இல்லம்மா. ஆனா அவரைத் திட்டி அனுப்பிடாத. உக்கார வச்சு ஸ்டாப்பேஜ் மனுவ நீயே எழுதிக் குடு. பழைய பாக்கிக்கு என்ன வழின்னு ஐயாகிட்ட கூட்டிட்டுப் போ. இன்னைக்கே. சிரிக்காம."

அன்று மாலை தேனிக்கு ஸ்கூட்டரில் போனேன். வீரபாண்டி தாண்டி, முன்னால் ஒரு பழைய வேன், மேலே வாழை இலைக் கட்டு. டிராபிக்கில் நின்றது. பெயிண்ட் மங்கியிருந்தாலும் எழுத்தை இரண்டு முறை புதுப்பித்திருக்கிறார்கள்.

'சக்கரத்தைக் கழட்டுனாலும் வரி உண்டு. முன்கூட்டியே எழுதிக் குடு.'

அதற்குக் கீழே, என் காசில் ஒச்சம்மாள் எழுத வைத்த இரண்டாவது வாக்கியம்:

'ஆபீஸ்ல சிரிச்சுக்கிட்டுச் சொல்றவர்ட்ட கையெழுத்து வாங்கு.'

பக்கத்தில் பைக்கில் நின்ற இளைஞன் வாய்விட்டுப் படித்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான். "யாரு சார் அந்த ஆபீஸ்காரரு? இப்படி மானத்தை வாங்கி வச்சிருக்காக?"

"நான்தான் தம்பி," என்றேன்.

"போங்க சார், ஜோக்கடிக்காம," என்று சொல்லிவிட்டு வண்டியை முறுக்கிக்கொண்டு போனான்.